சேவலா பொட்டையா? தெரியாது!

கோழிக்குஞ்சு வியாபாரத்துல குஞ்சு செத்துப்போனாக்கூட சனம் மன்னிச்சிடும், பொட்டைன்னு வாங்கிட்டுப் போனது கூவிருச்சுன்னா மட்டும் ஏழு தலைமுறைக்கும் மன்னிக்காது. என்னை மாதிரி குஞ்சு வித்து ஏச்சு வாங்குன அத்தனை பேரும் இதுக்குத் தலையாட்டுவீங்க.

நான் புஷ்பா. வட்டகொடைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்துல, அதான் வரிசை வீட்டுல, குடியிருப்பு, ஹட்டன்ல ஒரு குஞ்சுக் கடையில சேவல் பொட்டை பிரிக்கிற வேலை. கீழ்நாட்டுப் பண்ணை ஒண்ணுல இருந்து கத்துக்கிட்டு வந்தேன். சேத்துக்கிட்ட அன்னைக்கே முதலாளி கறாராச் சொல்லிட்டாரு: மூணு புகார் வந்தா வேலை இல்லை, மறுபடி கொழுந்து எடுக்கப் போக வேண்டியதுதான். பதினோரு வருசம் கூடை தூக்கினவ நான். இனி செத்தாலும் தூக்குறதில்லைன்னு வைராக்கியமா இருந்தேன்.

நூலும் மோதிரமும்

எங்க கடைக் குஞ்சுக்கு ரெக்கையைப் பாத்தாப் போதும். பொறிச்ச மொத நாளே விரிச்சுப் பாத்தா ரெண்டு வரிசை முளை தெரியும். கீழ் வரிசை நீண்டு மேல் வரிசை குட்டையா இருந்தா பொட்டை. ரெண்டும் ஒரே அளவா இருந்தா சேவல். நாள் தள்ளிப் பாத்தா இந்த வித்தியாசம் மறைஞ்சிடும்.

டிக்கோயாவுல இருந்து வந்த ஒரு ஐயா இதை நம்பல. மோதிரத்தை நூல்ல கட்டிக் குஞ்சுக்கு மேல புடிச்சாரு. சுத்துனா பொட்டை, ஊஞ்சலாடுனா சேவலாம். நானும் சும்மா இருப்பேனா? ஒரே குஞ்சையே மூணு தரம் மாத்தி மாத்திக் குடுத்தேன். பொட்டைன்னாரு, சேவல்ன்னாரு, திரும்பப் பொட்டைன்னாரு. மூணும் ஒரே குஞ்சுதான் ஐயான்னு சொன்னப்ப, அவரு கொஞ்சங்கூட அசரல.

"நூலு சரியாத்தாம்மா சொல்லுது, ஒங்க குஞ்சுதான் நிமிசத்துக்கு நிமிசம் மாறுது."

கூவுன பொட்டை

ஒரு தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் வளர்ந்த கோழி ஒண்ணக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வந்தாரு. ரெண்டு வருசத்துக்கு முன்ன நம்ம கடையில வாங்குன பொட்டை. இப்பக் கொண்டை பெருத்துக் கூவுதாம், லயத்துக்கே ஆகாதாம். "சேவலத் தலையில கட்டிட்டே"ன்னு சத்தம் போட்டாரு. கோழிக்கு இடப்பக்க முட்டைப்பை மட்டுந்தான் வேலை செய்யும், அது நோவு கண்டு கெட்டுப்போனா சில பொட்டை சேவல் மாதிரி ஆகிக் கூவும்னு பொறுமையாச் சொன்னேன். "பொட்டக்கோழி கூவிப் பொழுது விடியுமா?"ன்னு என்னையே பாத்துக் கேட்டாரு. அந்தப் பழமொழி எனக்குத்தான்னு புரியாதா? "சேவல் கூவுறதாலயும் விடியறதில்ல தலைவரே, பொழுது அது பாட்டுக்கு விடியுது"ன்னேன். மொதப் புகார் எழுதிட்டாரு.

இத்தன நாளா இதோட முட்டையத் தின்னது யாருன்னு கேட்டேன். தலைவர் கோழிய மறு கக்கத்துக்கு மாத்திக்கிட்டாரு.

"முட்டை போட்டது உண்மைதான், ஆனா எங்கள ஏமாத்தப் போட்டிருக்கு."

யாரு முடிவு பண்றது?

புருசன் பொஞ்சாதி ரெண்டு பேர் வந்தாங்க. அந்தப் பொண்ணு கையில கைக்குழந்தை. மூணாவதும் பொம்பளப் புள்ளையாம். அவரு பேச்செல்லாம் குத்தலாவே இருந்துச்சு. குஞ்சு ஆணாகிறதும் பொண்ணாகிறதும் யாரால தங்கச்சின்னு என்கிட்ட கேட்டாரு. கோழியில பொட்டையாலதான், அதோட முட்டையிலதான் அது முடிவாகுதுன்னேன். "கேட்டியாடி!"ன்னு பொஞ்சாதி பக்கம் திரும்புனாரு.

எனக்குச் சுருக்குன்னு வந்துருச்சு. "அது கோழிக்குங்க. மனுசருக்கு நேர்மாறு, ஆம்பள குடுக்கிறதுலதான் முடிவாகுது"ன்னேன். அவரு நேரா முதலாளிகிட்ட போயி, இந்தப் பொம்பள குடும்பத்தக் கலைக்கிறான்னு ரெண்டாவது புகாரக் குடுத்தாரு. அவரு அந்தப் பக்கம் போனதும் பொஞ்சாதி கிட்ட வந்தா.

"அக்கா, இப்பச் சொன்னத ஒரு துண்டுல எழுதித் தாங்க, எங்க மாமியாகிட்ட காட்டணும்."

பிரிக்க மாட்டேன்

அடுத்த வாரம் ஒரு பெட்டி நாட்டுக்கோழிக் குஞ்சு வந்துச்சு. எங்க தோட்டத்துப் பொம்பளைங்க சங்கம் கேட்டது. புள்ளைங்களுக்கு முட்டை வேணும்னு அத்தனையும் பொட்டையாக் கேட்டிருந்தாங்க. நாலு குஞ்சோட ரெக்கையப் பாத்தேன், கீழ வச்சுட்டேன். கடைக் குஞ்சுக்குத் தாய் ஒரு வம்சம், தகப்பன் ஒரு வம்சம்னு பாத்துச் சேத்திருப்பாங்க, அதனாலதான் ரெக்கை பேசும். நாட்டுக்கோழி காட்டுக்கோழி வழியில வந்து, இஷ்டத்துக்குக் கலந்தது. அது ரெக்கை ஒண்ணும் சொல்லாது.

"பிரிக்க முடியாது மொதலாளி, எனக்குத் தெரியல"ன்னேன். குத்துமதிப்பாப் பிரின்னாரு. எங்க சனத்துக்கு நான் குத்துமதிப்பாக் குடுக்க மாட்டேன்னேன். கடையில ஆளுங்க நிக்கிறாங்க, அவரு மொகம் செவந்துபோச்சு. கத்துற குஞ்செல்லாம் சேவல், கம்முனு இருக்கிறது பொட்டைன்னு அவரே பிரிச்சுக் கட்டுனாரு.

"இது மூணாவது புகார், நானே எழுதிக்கிறேன், நாளைக்கு வராத."

மூணு மாசம் கழிச்சு

மறுபடி கூடை. மலையில நின்னு அழுதேன், அத மறைக்கப் போறதில்ல. ஆனா அந்தப் பெட்டியப் பிரிச்சிருக்கலாமேன்னு ஒரு நாளும் நினைக்கல. மூணாவது மாசம் லயத்துக்கு லயம் கூவ ஆரம்பிச்சுது. பாதிக்கு மேல சேவல்! சங்கத் தலைவி ராசாத்தி அக்கா அத்தனையும் கூடையில அடைச்சு, ஹட்டனுக்குப் பஸ் ஏத்திக் கொண்டுபோயி கடைக்குள்ள அவுத்து விட்டாங்க. "தெரியாதுன்னு சொன்ன புள்ளைய வெரட்டிட்டு, தெரியும்னு பொய் சொன்னீங்களே"ன்னு நடுக்கடையில நின்னு கேட்டிருக்காங்க.

மறுநா சாயங்காலம் முதலாளி லயத்து வாசல்ல நிக்கிறாரு, கையில பிஸ்கட் பாக்கெட்டு. வேலைக்கு வான்னாரு. தெரியாததத் தெரியாதுன்னுதான் சொல்லுவேன், அதப் புகாராக் கணக்கெடுக்கக் கூடாது, சம்மதம்னா வர்றேன்னேன். மனுசன் தலையச் சொறிஞ்சாரு.

"சரி வா, ஆனா அந்தத் 'தெரியாது'ங்கிறத மட்டும் கொஞ்சம் மெதுவாச் சொல்லு."

மெதுவாச் சொல்றதுக்குத் தொண்டை பழகல, அதனால பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்குற மாதிரித்தான் இன்னைக்கும் சொல்லிக்கிட்டு இருக்கேன்.