முளைப்பாரியில் வெந்தயம்

வெந்தயத்தை வெறும் கசப்பு என்று ஒதுக்குகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். வயிறு வலிக்கிறதா, ஒரு சிட்டிகை எடுத்து மோரோடு விழுங்கு. உடம்பு சூடா, ஊறவைத்து அரைத்துத் தலையில் தேய். உளுந்து கிடைக்காத காலத்தில் அரிசியும் வெந்தயமும் மட்டும் போட்டு ஆட்டி, உளுந்து போட்டவள் தோசையைவிட மெத்தென்று நான் வார்த்திருக்கிறேன். குழம்பில் நாலு போட்டால் தெருக்கோடிவரை மணக்கும். கூட நாலு விழுந்தால் அந்தக் குழம்பை நாய்கூட நக்காது. அவ்வளவு ரோஷம் அதற்கு! ஆனால் எனக்கு அதன்மேல் இருக்கும் மரியாதை சமையலால் வந்ததில்லை. எங்கள் தெருவின் மானத்தை ஒருமுறை அது காப்பாற்றியது.

எழுபதுகள் முடிந்துகொண்டிருந்த சமயம். எங்கள் ஊர் செந்துறைக்கும் அரியலூருக்கும் நடுவில், பஸ் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. எங்கள் தெருவில் எவருக்கும் ஒரு குழி நிலம் கிடையாது. மேலத்தெருக்காரர்கள் காட்டில் விதைப்பது, களையெடுப்பது, கடலை பிடுங்குவது எல்லாம் நாங்கள். விளைந்தது அவர்களுடையது. மாரியம்மன் கோயில் ஊருக்குப் பொது என்று பெயர்தான், திருவிழாவில் முளைப்பாரி எடுப்பது மேலத்தெருப் பெண்கள் மட்டும். சட்டியில் மண் நிரப்பி, தானியம் தூவி, வெயில் படாத அறையில் வைத்து, முளைத்து நிற்பதைத் தலையில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். ஊர் விதையெல்லாம் எங்கள் கையால்தான் மண்ணில் விழும். சாமிக்கு முளைக்கவைக்க மட்டும் எங்கள் கை ஆகாதாம்.

அந்த வருஷம்தான், பலமுறை கேட்டு, சண்டை வந்து, பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, எங்கள் தெருப் பெண்களும் பாரி எடுக்கலாம் என்று முடிவானது. மேலத்தெருவில் பாதிப் பேருக்கு முகம் சுண்டிவிட்டது. “எடுக்கட்டும், எடுக்கட்டும். மொளைக்குதான்னு பாப்போம். ஆத்தா ஏத்துக்கலன்னா இந்த வருஷத்தோட சரி” என்று ஒருவர் டீக்கடையில் சொன்னது எங்கள் காதுவரை வந்தது. முளைக்காவிட்டால் அடுத்த வருஷம் கேட்க எங்களுக்கு வாய் இருக்காது. அது தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

என் வீட்டுக்காரர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்து வீட்டுக்கு ஓடு போட்டிருந்தார். அதனால் எங்கள் வீட்டு உள்ளறையையே பாரி அறையாக்கினார்கள். ஆண்கள் எட்டிக்கூடப் பார்க்கக்கூடாது என்பது முறை. நானும் என் ஓரகத்தியும் இன்னும் சில பெண்களுமாகச் சட்டி வைத்தோம். நெல்லும் சோளமும் பயறும் வெள்ளை வெள்ளையாக மூக்கை நீட்டின. பார்க்கப் பார்க்க எனக்குக் கண் நிறைந்துபோனது.

இவருக்குத்தான் ஆசை பொறுக்கவில்லை. மேலத்தெருப் பாரியைவிட எங்கள் பாரி உயரமாக வர வேண்டுமாம்! நாங்கள் களையெடுக்கப் போயிருந்த பகலில் உள்ளே புகுந்து, எங்கிருந்தோ வாங்கி வைத்திருந்த யூரியாவைச் சட்டிக்கு ஒரு கைப்பிடி தூவி, தண்ணீரும் தெளித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல ஷிப்டுக்குப் போய்விட்டார். மறுநாள் கதவைத் திறந்தால் நெடி மூக்கில் ஏறியது. முளைகள் அத்தனையும் பழுப்பாகித் தலை சாய்ந்து கிடந்தன.

“யோவ், என்னய்யா பண்ணி வச்ச?” என்று கத்தினேன்.

“நெல்லுக்குப் போட்டா கருகருன்னு வருதுல்ல புள்ள... அதான்...”

“அது வயலு, இது சட்டி! பொறந்த கொழந்தைக்குக் கறிச்சோறு ஊட்டுவியா நீ?”

மனுஷன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். பாவம், நல்லதுக்குத்தான் செய்தார். நல்லதுக்கென்று செய்கிற முட்டாள்தனத்துக்கு மருந்தே கிடையாது.

ஓரகத்தி சட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். “போச்சுடி. திருவிழாவுக்கு நாலு நாள்தான் கெடக்கு. நெல்லு இனிமே ஊறி, மொளைச்சு, எப்ப நிமிர்றது? சிரிப்பா சிரிப்பாளுவ.”

தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். அங்கே ஒரு டம்ளர் இருந்தது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்காக வெந்தயம் ஊறப்போட்டு, திருவிழா அமளியில் மறந்தே போயிருந்தேன். தண்ணீர் வற்றியிருந்தது. நான் கவனிக்கவில்லை என்றெல்லாம் அது கோபித்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு மணியும் வெள்ளை வாலை நீட்டிக்கொண்டு கிடந்தது. டம்ளரோடு ஓடிப்போய் ஓரகத்தி முன்னால் வைத்தேன்.

“வெந்தயமா? ஏண்டி, அது மளிகைச் சாமான். தானியமா அது? ஆத்தாளுக்கு அடுக்குமா?” என்றாள்.

“ஏன் அடுக்காது? ஆத்தாளே சூட்டுக்காரி. சூட்டுக்கு வெந்தயத்தவிட என்ன வேணும் அவளுக்கு?” என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வீடுவீடாகப் போய் அஞ்சறைப்பெட்டிகளைக் கவிழ்த்து வாங்கி வந்தாள். அது போதவில்லை. உள்ளூர்க் கடையில் வாங்கினால் மேலத்தெருவுக்கு விஷயம் போய்விடும். நான் பஸ் பிடித்து அரியலூர் போனேன். பை நிறைய வெந்தயம் கேட்டதும் மளிகைக் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்னம்மா, ஊருக்கே வயித்து வலியா?”

“ஆமாங்க, இன்னும் நாலு நாள்ல சில பேருக்கு வரும்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

யூரியா பட்ட மண்ணை வழித்துக் கொட்டினோம். சட்டிகளை ஓடையில் தேய்த்துக் கழுவி, புது மணல் நிரப்பினோம். ஊறிய வெந்தயத்தைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, வால் விட்டதும் நெருக்கமாகப் பரப்பினோம். எருவும் வேண்டாம், உரமும் வேண்டாம், தண்ணீர் தெளித்தால் போதும் என்று அது பாட்டுக்கு வேலையை ஆரம்பித்தது.

அந்த நாட்களில் நான் வெந்தயத்தைப் பார்த்த மாதிரி வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். காய்ந்த மணி வெறும் கூழாங்கல். கடித்தால் பல்தான் போகும். அதன் உடம்பில் குறுக்கே சாய்வாக ஒரு வெட்டு இருக்கும். வெட்டுக்கு ஒரு பக்கம் வேர் மடங்கிப் படுத்திருக்கிறது, மறு பக்கம் இரண்டு பருப்பிலைகள். தண்ணீர் பட்டதும் தோலுக்கு அடியில் இருப்பது கொழகொழவென்று உப்பி, குடித்த தண்ணீரைச் சிந்தாமல் பிடித்துக்கொள்கிறது. நாம் தோசைக்கு ஆட்டுவதும் தலையில் தேய்ப்பதும் அந்தக் கொழகொழப்பைத்தான். அது நமக்காக வைத்ததில்லை, தன் பிள்ளைக்காக வைத்தது என்று பின்னாளில் என் மகள் பாடப் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னாள். மண் காய்ந்தாலும் குருத்து காயக்கூடாது என்பதற்காக, பிள்ளை பிறக்குமுன்பே குடத்தில் தண்ணீர் நிரப்பி வைக்கிற தாய் அது. ஊறமாட்டேன் என்று அடம்பிடித்துக் கல்லாகவே கிடக்கும் மணிகளும் ஒன்றிரண்டு உண்டு. இந்த ஈரத்தை நம்பாதே, அடுத்த மழைக்குப் பார்க்கலாம் என்கிற ஜாக்கிரதைக்காரர்கள். அவற்றையும் எனக்குப் பிடிக்கும்.

திருவிழா அன்று மேலத்தெருப் பாரிகள் ஒரு சாண் உயரம் நின்றன. எங்களுடையது நாலு விரல்கடைதான். ஆனால் இடுக்கே இல்லாமல், சட்டி விளிம்புவரை மஞ்சளும் வெளிர்பச்சையுமாக அடைத்துக்கொண்டு நின்றது. தலையில் வைத்ததும் மணம் கிளம்பியது. முளைப்பாரி ஊர்வலம் தாளிப்பு வாசனையோடு போனது அந்த ஒரு வருஷம்தான். எனக்குச் சிரிப்பு வந்தது.

கோயில் வாசலில் சட்டிகளை இறக்கிவைத்தோம். மேலத்தெருப் பெண்கள் எங்கள் பக்கம் பார்த்துக் கிசுகிசுத்தார்கள். அவர்களுக்குள்ளிருந்து பெரிய வீட்டம்மா எழுந்து வந்தார். அவர் காட்டில்தான் நான் களையெடுப்பேன். தாகம் என்று கேட்டால் செம்பை உயரத் தூக்கி எங்கள் கையில் ஊற்றுவார். எங்கள் தெருவில் பச்சைத் தண்ணீர்கூடத் தொட்டுக் குடித்தவரில்லை. வாய் திறந்தால் ஊர் கேட்கும். இவர் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்தது என்று ஓரகத்தி என் கையை நெரித்தாள்.

அவர் என் சட்டியின் மேல் குனிந்து முகர்ந்தார்.

“என்னடி இது? நெல்லா, பயறா?”

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. “வெந்தயங்க” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி ஒரு கொத்து கிள்ளி, மண்ணை ஊதிவிட்டு, வாயில் போட்டுக்கொண்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிதானமாக மென்றார்.

“எளசு. கசப்பே தெரியல” என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “எம் மருமவ புள்ள பெத்துக் கெடக்கா. பாலு பத்தல. ஆத்தா கிட்ட வச்ச வெந்தயம்... கொஞ்சம் கிள்ளிக்கட்டுமா?” என்றார்.

கிள்ளிக்கட்டுமா! என்னிடம் கேட்டார். எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது. “எடுத்துக்குங்க, நல்லா எடுத்துக்குங்க” என்று சட்டியையே தூக்கி நீட்டினேன். அவர் மடி நிறைய வாங்கிக்கொண்டு போனார். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்து ஓரகத்தி சட்டியில் கிள்ளிக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் ஆத்தா ஏற்றுக்கொண்டாளா என்று யார் கேட்பது?

மருமகளுக்குப் பால் சுரந்ததா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. உலகம் ஒரே நாளில் புரண்டுவிட்டதாகவும் நான் கதை விடமாட்டேன். அடுத்த களையெடுப்பில் பெரிய வீட்டம்மா பழையபடி செம்பைத் தூக்கித்தான் ஊற்றினார். நானும் கையை ஏந்தித்தான் குடித்தேன். ஆனால் அன்றிலிருந்து குனிந்து குடிக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு சிரிப்பு ஓடும். என் சட்டியில் முளைத்ததை அவர் ஊர் பார்க்க மென்று விழுங்கியிருக்கிறார். அதை இனிமேல் யாராலும் துப்ப முடியாது.