ஜப்பானில் பார்த்த மண்குதிரைகள்

பசுவந்தனை விலக்கில் பஸ் பஞ்சராகி நிற்கிறது. ஐப்பசியிலும் வெயில் கொளுத்துகிறது. கரிசலில் இன்னும் ஒரு துளி விழவில்லை. தீப்பெட்டி மெஷின் பார்க்க ஜப்பான் போய்த் திரும்பும் நான், அங்கே பழங்காலக் கல்லறை மேடுகளுக்கென்றே இருக்கும் மியூசியத்தில் எடுத்த போட்டோவைப் பக்கத்தில் நிற்கும் சம்சாரியிடம் காட்டுகிறேன். வரிசையாக மண்குதிரைகள்.

“செத்த ராஜாவோட மேட்டுல வச்சது,” என்கிறேன்.

“நம்ம அய்யனாருக்கு எடுக்கிற குதிரைல்லா இது! மழைக்குத்தான் நேர்ந்திருப்பாவ. அங்கன மழை உண்டா, அண்ணாச்சி?”

“குடை பிடிச்சுக்கிட்டுத்தான் போனேன்.”

அவர் முகம் மலர்கிறது. “பாத்தியளா! நாங்க ஒத்தக் குதிரை எடுத்துட்டு வானத்தைப் பாக்கோம். இவிய வரிசையால்லா எடுத்திருக்காவ!”

போட்டோ அவர் சட்டைப்பைக்குள் போய்விடுகிறது.

“ஊர்க்கூட்டத்துல காட்டிட்டுத் தாரேன். இந்த வருசம் பத்துக் குதிரை!”