வலிக்கவில்லை என்று சொன்னவள்

இசக்கிச்செல்விக்கு உட்கார முடியவில்லை. தென்காசியில் அந்த ஸ்கேன் சென்டர் மாடியில் இருந்தது. மறுபடியும் படி இறங்கி வாசலுக்கு வந்தாள். சாரல் விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. கைப்பையைத் திறந்து பார்த்தாள். வலி மாத்திரை அப்படியே இருந்தது. சாப்பிட்டுவிட்டு, டெஸ்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போடச் சொல்லியிருந்தார் டாக்டர் ஜுஹைனா. இட்லி தின்றாயிற்று. மாத்திரைதான் இறங்கவில்லை.

அவள் போலீஸ்காரி. சீசன் வந்துவிட்டால் குற்றாலத்தில் பெண்கள் குளிக்கிற பக்கம் பந்தோபஸ்து. போன சீசனில் பாறையில் இடறிக் கால்நகம் பெயர்ந்தபோதும் டியூட்டி முடிகிறவரை ஷூவைக் கழற்றவில்லை. கூட வேலை பார்க்கிறவர்கள் அதைச் சொல்லிச் சொல்லி மெச்சுவார்கள். வீரம் என்பதைவிட அதைப் பழக்கம் என்பது சரி. அவள் பிறந்த வீட்டில் வலிக்கிறது என்று சொன்ன பிள்ளையை யாரும் அடித்ததில்லை, வைததில்லை. காதில் விழாதது போல இருந்துவிடுவார்கள். சொல்லிப் பயனில்லாததைச் சொல்லாமல் இருக்க அவள் அங்கே படித்துக்கொண்டாள்.

கல்யாணமாகி ஆறு வருஷம். கணவன் சுபாஷ் ராணுவத்தில் இருக்கிறான். வருஷத்துக்கு ஒரு லீவு, சில சமயம் இரண்டு. போன லீவில் வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில் இதே டியூப் டெஸ்டை எடுத்தார்கள். கர்ப்பப்பைக்குள் மெல்லிய குழாயை விட்டு உப்புநீரைச் செலுத்தி, அது கருக்குழாய்களின் வழியே ஓடுகிறதா என்று ஸ்கேனில் பார்ப்பது. அங்கேயும் முன்கூட்டியே மாத்திரை கொடுத்தார்கள். மாமியார் மாரித்தாய் தடுத்துவிட்டாள்.

"வலி மாத்திரை எல்லாம் சூடுட்டி. எந்தப் பைக்காகப் போறோமோ அதையே வாட்டிரும்."

குளிர்ச்சி குளிர்ச்சி என்று வெந்தயமும் கற்றாழையுமாக ஆறு வருஷம் தின்றவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. நர்ஸ் கேட்டபோது மாத்திரை போட்டாயிற்று என்றாள். டாக்டர் வலிக்கிறதா என்று கேட்டபோது இல்லை என்றாள். கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, கண் இருட்டிக்கொண்டு வர வர, இல்லை என்றாள். இரண்டு குழாயும் அடைப்பு என்று ரிப்போர்ட் வந்தது. அதை நம்பி மதுரையில் டெஸ்ட் டியூப் குழந்தைச் சிகிச்சைக்கு வீட்டில் நாள் குறித்துவிட்டார்கள்.

மதுரைக்குப் போகுமுன் இன்னொருவரிடமும் கேட்டுவிடலாம் என்று நேற்று வந்தபோது ஜுஹைனா அந்த ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுச் சொன்னார்: "வலியில ஒடம்பு இறுகிட்டுன்னா குழாயும் சேந்து இறுகிக்கிடும். பாத்தா அடைப்பு மாதிரியே தெரியும். அன்னைக்கு வலி எப்படி இருந்துச்சு?"

"அவ்வளவா இல்ல மேடம்."

ஜுஹைனா ரிப்போர்ட்டை மூடி வைத்தார். "இன்னொரு தடவ பாத்துருவோம்."

அவ்வளவா இல்லை. ராத்திரி முழுக்க அந்தச் சொல்தான் அவளைப் புரட்டிப் போட்டது. குழாய் அடைத்திருக்கலாம், அடைக்காமலும் இருக்கலாம். இன்றைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தால் எது உண்மை என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

சுபாஷ் தண்ணீர் பாட்டிலோடு கீழே வந்தான். "என்ன செல்வி, இங்கன நின்னு நனையுத? நேரம் ஆவுதுல்லா."

அவள் பாட்டிலை வாங்கினாள். மாத்திரையை வாயில் போட்டு விழுங்கினாள்.

மாடிப்படியில் நின்ற மாரித்தாய் அதைப் பார்த்துவிட்டாள். "ஒன் இஷ்டம். நான் மூணு பெத்தேன். ஒண்ணுக்காவது வாயத் தொறந்திருப்பேனா?"

"அதான் சேத்து வச்சு இப்பப் பேசுதியோ?" என்றான் சுபாஷ்.

"போலே!"

ஒரு மணி நேரம் கழித்து உள்ளே போனதும் ஜுஹைனா கேட்ட முதல் கேள்வி மாத்திரையைப் பற்றித்தான். போட்டேன் என்றாள். இந்தத் தடவை அது உண்மை. சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, கால்களைச் சரியாக வைத்துப் படுக்கவைத்தார்கள்.

"தண்ணி வெதுவெதுன்னுதான் இருக்கும். மெதுவாத்தான் விடுவேன். வலிச்சா நிறுத்துன்னு சொல்லணும், நிறுத்திருவேன். வீரத்த எல்லாம் ஸ்டேஷன்ல காட்டுங்க."

முதலில் அடிவயிற்றில் ஒரு கனம். பிறகு யாரோ உள்ளேயிருந்து முறுக்கிப் பிழிவது போல இருந்தது. அவள் கை தானாகவே கட்டில் கம்பியைத் தேடியது.

"வலிக்கா?"

இல்லை என்று சொல்ல வாய் எடுத்தாள். பழகிய சொல், நாக்கின் நுனியிலேயே நின்றது.

"வலிக்கி!" என்று கத்தினாள். "நிறுத்துங்க!"

ஜுஹைனா நிறுத்தினார். நர்ஸ் அவள் தோளில் கை வைத்தாள். மூச்சை வாயால் மெல்ல விடச் சொன்னார்கள்; விட்டாள். தொடைகளின் இறுக்கம் மெதுவாகத் தளர்ந்தது. அவளே "ம்" என்ற பிறகுதான் மறுபடி தொடங்கினார்கள். இன்னொரு தடவையும் நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினார்கள்.

"இங்கன பாருங்க." திரையில் வெள்ளையாக ஒரு கீற்று நெளிந்து ஓடியது. "இடது பக்கம் நல்லாப் போவுது. வலது இன்னைக்கும் பிடி குடுக்கல, அத இப்பச் சொல்ல முடியாது. ஒண்ணு தொறந்திருக்கு. மதுரைக்கு இப்பவே ஓட வேண்டியதில்ல. இந்த மாசமே முயற்சி பண்ணிப் பாக்கலாம். அடுத்த வாரம் கரு தங்குற நாளு, அதான் முக்கியம்."

வெளியே மாரித்தாய் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். "என்னட்டி, ரோட்டுக்கே கேக்க அப்படிக் கத்துன?"

"வலிச்சுது அத்தை."

செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்து, டாக்டர் சொன்னதைச் சொன்னாள். கேட்டு முடித்ததும் மாரித்தாய் மகன் பக்கம் திரும்பினாள்.

"ஒனக்கு என்னைக்கு ரயிலு?"

"ஞாயித்துக்கெழம."

"அடுத்த வாரம்னுல்லா சொல்லுதா! லீவ நீட்டிக் கேளுலே."

"என்ன காரணம் சொல்லச் சொல்லுத? சும்மா தருவாங்களா?"

"அம்மைக்கு ஒடம்புக்குச் சேட்டம் இல்லன்னு சொல்லு."

"போன தடவையும் அதத்தான சொன்னேன்."

செல்வி வயிற்றைப் பிடித்தபடி நிமிர்ந்தாள். "எனக்குன்னு சொல்லுங்க. பொண்டாட்டிக்கு டெஸ்டு எடுத்திருக்கு, வலி இருக்கு, கூட இருக்கணும்னு சொல்லுங்க."

சுபாஷ் அம்மாவைப் பார்த்தான். அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மருமகளிடம் நீட்டினாள். போனை எடுத்துக்கொண்டு அவன் படி இறங்கினான்.