காபி கிளப்பில் இரண்டு வாத்தியாரம்மாக்கள்

அந்த நாளில் மயிலாப்பூரில் பெண்கள் காபி கிளப்புக்குள் போய் உட்கார்ந்து குடிப்பதில்லை. கூடாது என்று எங்கும் எழுதிப் போட்டிருக்கவில்லை. போனவர்கள் இல்லை, அவ்வளவுதான். எழுதிப் போட்டிருந்தது வேறு. ‘பிராமணர்களுக்கு மட்டும்’ என்று உள்ளறை வாசலில் ஒரு பலகை தொங்கும். மற்றவர்களுக்கு வெளிக்கூடம்.

நான் சாந்தோம் குப்பத்துப் பெண். அப்பா கட்டுமரத்தில் போனார், அம்மா மீன் விற்றாள். மாதா கோயில் கன்னியாஸ்திரிகள் படிக்கவைத்து நான் ஆசிரியை ஆனேன். பள்ளியில் எனக்கு அடுத்த வகுப்பை எடுத்தவள் என் சிநேகிதி. மாடவீதிக்காரி. பதினாறு வயதில் கணவனை இழந்து, அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு படித்து வேலைக்கு வந்தவள். என்னைவிட நான்கு வயது மூத்தவள் என்பதால் அவளை அக்கா என்பேன்.

ஒரு சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்து வெளியே வந்தோம். தெருமுனை கிளப்பிலிருந்து காபிக்கொட்டை வறுக்கும் வாசனை வந்தது. அவள் நின்றுவிட்டாள்.

“ஆத்துல பதினோரு பேருக்கு நான்தான் காபி கலக்கறேன். கடைசியா எனக்கு வரச்சே வெறும் வெந்நீர் மாதிரி இருக்கும். இன்னிக்கு யாராவது எனக்குக் கலந்து தரட்டுமே. வாடி.”

“இன்னாக்கா, வெளயாடுறியா?” பதற்றத்தில் எனக்குக் குப்பத்துப் பேச்சு வந்துவிட்டது.

அவள் அதற்குள் படியேறிவிட்டாள்.

கல்லாவில் இருந்தவர் எழுந்தே நின்றார். “ஆத்துக்கு வேணும்னா கொடுத்தனுப்பறேன். இது புருஷா வர எடம்மா.”

அவள் படியிறங்கினாள். விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். நேராக லஸ் பக்கம் நடந்தாள். அங்கே இன்னொரு கிளப். அந்த முதலாளி எங்களைப் பார்த்துச் சற்று யோசித்தார். பிறகு அவளிடம், “நீங்க உள்ளே போகலாம். அவா வெளியில உட்காரட்டும்” என்றார்.

எனக்கு முகம் சுட்டது. திரும்பிவிடலாம் என்று அவள் புடவைத் தலைப்பை இழுத்தேன்.

“நாங்க ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்துல பாடம் சொல்லித்தரோம்” என்றாள் அவள். “ஒரே மேஜையில காபி குடிப்போம்.”

வெளிக்கூடத்தில் ஜன்னலோரம் பளிங்குக்கல் பதித்த மேஜை ஒன்று காலியாக இருந்தது. அதில் போய் உட்கார்ந்தாள். எதிரே நான் உட்கார்ந்தேன். உள்ளறையிலிருந்து ஒரு பெரியவர் எட்டிப் பார்த்து, “கலி முத்திப்போச்சு” என்றார்.

“காபி ஆறிடப் போறது மாமா. போய்க் குடியுங்கோ” என்றாள் என் சிநேகிதி. யாரோ சிரித்தார்கள். சர்வர் இரண்டு டபராக்களைக் கொண்டுவந்து வைத்தான். அவள் ஆற்றி, ஒரு வாய் குடித்து, கண்ணை மூடிக்கொண்டாள். நான் ஆற்றியதில் மேஜையெல்லாம் காபி. ஆனாலும் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

செய்தி எங்களுக்கு முன்பே மாடவீதிக்குப் போய்விட்டது. அன்று மாலை அண்ணன் குதித்தாராம். “இனிமே நீ வேலைக்கே போக வேண்டாம்!”

“சரி. அப்போ என் சம்பளமும் வராது” என்றாளாம் இவள். அந்த வீட்டில் பாதி அடுப்பு அவள் சம்பளத்தில்தான் எரிந்தது. திங்கட்கிழமை வழக்கம்போலப் பள்ளிக்கு வந்து இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. முதுகு மட்டும் நேராக இருந்தது.

என் அம்மாவோ வேறு மாதிரி. “நாற்காலியிலயா குந்திக்கினு குடிச்சே?” என்று மூன்று முறை கேட்டாள். மறுநாள் மீன் கூடையோடு போன தெருவிலெல்லாம் அதையே சொல்லியிருக்கிறாள்.

பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் போனோம். அடையாற்றில் ஓலைக் கொட்டகை போட்ட ஒரு கிளப், மாம்பலத்தில் புதிதாய் எழும்பிய தெருக்களில் ஒன்றிரண்டு. சில இடங்களில் திருப்பி அனுப்பினார்கள். உட்காரவிட்ட இடங்களில் அவள் காபியைப் பரீட்சைத்தாள் போலத் திருத்தினாள். “சிக்கரி ஜாஸ்தி”, “பால் பொங்கறத்துக்கு முன்னாடியே எறக்கிட்டேள்.” லஸ் முதலாளி முதலில் முறைத்தார், பின்னால் அவரே வந்து, “இன்னிக்கு எப்படி?” என்று கேட்க ஆரம்பித்தார்.

ஒருநாள் தியாகராய நகரில் நாங்கள் குடித்துக்கொண்டிருந்தபோது, புத்தகமும் கையுமாக இரண்டு கல்லூரிப் பெண்கள் வாசலில் தயங்கி நின்றார்கள். எங்களைப் பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உள்ளே வந்து, “இங்க நாங்க உட்காரலாமா?” என்று என்னிடம் கேட்டார்கள். என்னிடம்! கடை என்னுடையது போல நான் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

“உட்காருங்கம்மா” என்றேன். “இங்க டிகாக்ஷன் நல்லா இருக்கும்.”