இடது கன்னம்

என் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையின் அம்மா காபியைக் குடிக்காமல் என் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் காபித்தூள் சிந்தியது போலப் பழுப்புப் புள்ளிகள்.

"இது இன்னா, பரம்பரையா வர்றதா?"

நான் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியன். பரம்பரை என்ற சொல் காதில் விழுந்தால் சும்மா இருக்கமாட்டேன்.

"ஆமாங்க. இவங்கப்பாவுக்கு மூஞ்சி பூரா இருந்தது. மரபணு. அப்பாகிட்டேருந்து பொண்ணுக்கு, அவகிட்டேருந்து..." என்று சொல்லி, என் மகளைக் கையால் வேறு காட்டினேன்.

அந்த அம்மா என் மகளின் முகத்தை, கடையில் புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது போலப் பார்த்தார். "கலந்து பேசிட்டு சொல்றோம்" என்று எழுந்துவிட்டார்.

மகளும் அந்தப் பையனும் ஒரே கம்பெனியில் வேலை செய்து, பிடித்துப்போய்த்தான் வீட்டில் சொன்னார்கள்.

"ஸ்கூல்ல பாடம் எடுத்தது பத்தலையாப்பா?" என்றாள் மகள்.

"எங்கப்பா செத்தும் இவரு வாயிலேர்ந்து தப்பிக்க முடியல" என்றாள் மனைவி.

மறுநாள் காலை அவள் ஜன்னலோரம் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். வலது கன்னம் என் பக்கம் இருந்தது. அதில் ஒரு புள்ளிகூட இல்லை. திரும்பினாள். எல்லாம் இடது கன்னத்தில்.

வெயில் பட்டால் சீக்கிரம் புள்ளி விழும் தோல் சிலருக்கு மரபணுவில் வருவது உண்மைதான். அவளுக்கும் வந்திருக்கலாம். ஆனால் மரபணுவுக்கு இடது வலது கிடையாது.

அவள் ஒரகடத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் படப்பையிலிருந்து என் ஸ்கூட்டரில்தான் போய்வந்தாள். புடவையில் ஒருபக்கமாக, காலை இடதுபுறம் தொங்கவிட்டு உட்காருவாள். காலையில் போகும்போது வெயில் இடதுபக்கம். சாயங்காலம் திரும்பும்போதும் இடதுபக்கம். எனக்குக் கறுப்புக் கண்ணாடி வைத்த ஹெல்மெட். தனக்கும் ஒன்று கேட்டாள். "பின்னாடி உக்கார்றவளுக்கு எதுக்கு?" என்றேன்.

எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன்.

"அப்ப எங்கப்பா மேல தப்பில்ல?"

"கொஞ்சம் இருக்கு."

"மிச்சம்?"

"நான்தான்."

"இத அப்படியே அவங்க வூட்டுல வந்து சொல்லுங்க."

அன்று மாலையே ஸ்ரீபெரும்புதூர் போனோம். வாசலிலேயே மாப்பிள்ளையின் அப்பா அம்மாவிடம் விளக்கினேன். அவர்கள் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை. நின்றிருந்த ஸ்கூட்டரின் பின்சீட்டில் நானே வேட்டியோடு ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்து, சூரியன் வரும் திசையைக் கைநீட்டிக் காட்டினேன். எதிர்வீட்டில் இரண்டு பேர் வெளியே வந்து பார்த்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை. ஸ்கூட்டர் கண்ணாடி முன் குனிந்தார். முந்தானையால் பவுடரைத் துடைத்தார். முதலில் வலது கன்னம், பிறகு இடது.

"ஏங்க, உங்க வண்டியில நான் எத்தினி வருஷமா வரேன்?" என்று கணவரைக் கேட்டார்.

அவர் மின்கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கையைப் பார்க்கத் தொடங்கினார்.

"உள்ள வாங்க சம்பந்தி" என்று அந்த அம்மா என் மனைவியின் கையைப் பிடித்து அழைத்துப் போனார். என்னையும் அவர் கணவரையும் யாரும் கூப்பிடவில்லை. நான் ஸ்கூட்டரிலிருந்து இறங்கினேன்.

"ரெண்டு ஹெல்மெட்டா வாங்கினா கொறச்சு தருவானா?" என்று மெதுவாகக் கேட்டார் சம்பந்தி.