நாலு மணி வரிசை

கிளம்புகிறவனை எங்கே போகிறாய் என்று சபீரா ஒரு நாளும் கேட்டதில்லை. எந்த பஸ்ஸுக்குத் திரும்புவாய் என்றுதான் கேட்பாள். இரண்டும் ஒன்றா? போகும்போது எங்கே என்று கேட்டால் காரியம் விளங்காது என்பது எனக்கும் தெரியும். வருகிற நேரத்தைக் கேட்டதால் ராசுவுக்குக் கேடு வந்தது என்று யார் சொன்னாலும் நான் ஒப்ப மாட்டேன்.

மலைமேல் சோளக்காட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே அவளுடைய வண்டி ஸ்டேண்டு. தகரக் கூரை, பின்னால் அவள் குடியிருக்கும் ஓர் அறை. பஸ் எட்டாத ஊர்க்காரர்கள் சைக்கிளையும் மொபெட்டையும் அவளிடம் விட்டுவிட்டு நாமக்கல்லுக்கு ஏறுவார்கள். டோக்கன் கிடையாது. பன்னிரண்டு மணி பஸ்ஸில் திரும்புகிறவன் வண்டி முன்னால், நாலு மணிக்காரன் வண்டி நடுவில், கடைசி பஸ்காரன் வண்டி சுவரோரம். அதற்குத்தான் அந்தக் கேள்வி. பதில் சொல்லாதவன் வண்டியைத் தொடக்கூட மாட்டாள். சக்கரத்துச் சேற்றைப் பார்த்தே எந்த ஊர் மண் என்பாள். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எழுந்து நின்று இறங்குகிற முகங்களைப் பார்ப்பாள்; வண்டிக்கு ஆள் வந்தால்தான் உட்காருவாள்.

ராசு மலையில் உள்ளே தள்ளி இருக்கும் பெரக்கரை நாட்டுப் பையன். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை. திங்கட்கிழமை மழையில் வந்தவன், "நாலு மணிக்கு வந்துருவேன் பாயம்மா, நடுவால விடுங்க" என்று சொல்லிப் போனான். வரவில்லை. மூன்று நாளாகச் சுற்றி எல்லா வண்டியும் போய் வருகிறது. அவன் மொபெட் மட்டும் நடு வரிசையில் நிற்கிறது. பட்டறையில் தங்கியிருப்பான் என்றோம். தங்குகிற நாளானால் உள்ளே பூட்டி வைக்கச் சொல்லுவானே என்றாள். எஸ்.டி.டி. பூத்திலிருந்து பட்டறைக்கு போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. இறங்கி வரும் டிரைவர்களிடம் வழியில் ஏதாவது ஆயிற்றா என்று விசாரிப்பாள். அவர்கள் வாயைத் திறப்பதற்குள் அவள் முகம் வெளுத்துவிடும்.

இன்று வியாழன். காலையில் ராசுவின் அம்மா பாவாயி வந்தாள். ஸ்டேண்டு வாசலில் நின்று, "கேக்கக் கூடாதத கேட்டு எம் பையன முடக்கிப் போட்டயே" என்று மண்ணை வாரித் தூற்றினாள். கூடியிருந்தவர்கள் ஆமாம் போட்டார்கள். சபீரா பதிலுக்கு ஏசவில்லை.

"திட்டுங்கக்கா. நீங்க இன்னைக்குத்தான் பயப்படறீங்க. நான் திங்கக்கெழம நாலு மணியிலிருந்து பயந்துட்டு இருக்கறனுங்க."

அறைக்குள் போனாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். கதவைச் சாத்தவில்லை. நாமக்கல் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கீழே எழுபது வளைவு. இத்தனை வருடம் ஊரையெல்லாம் ஏற்றிவிட்டவள் ஒரு தடவைகூட அதில் இறங்கிப் போனதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. படியில் ஏறியவள் திரும்பிக் குனிந்து, மண் ஒட்டிய பாவாயியின் கையைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டாள்.