அவள் பார்க்க நான் சாப்பிட்டது

கல்யாணத்தின்போதே நானும் என் மனைவியும் குண்டுதான். சொந்தக்காரர்கள் அதை நல்ல பொருத்தம் என்றார்கள். எனக்கு விழுப்புரத்தில் மோட்டார் பம்ப் கடையில் வேலை, வீடு திண்டிவனத்தில். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நான் வீட்டுக்கு வந்ததும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவோம். பிள்ளைகள் இல்லை. வெளியே போகிற பழக்கமும் கிடையாது. அன்றைக்கு நடந்ததைப் பேசுவது, சிரிப்பது, சண்டை போடுவது எல்லாம் அந்தச் சாப்பாட்டு நேரத்தில்தான்.

நாற்பதைத் தாண்டியதும் அவளுக்கு எடை ஏறிக்கொண்டே போனது. சர்க்கரை வந்தது. முட்டிவலியால் மாடிப்படி ஏற முடியவில்லை. தூக்கத்தில் திடீரென்று மூச்சு நின்றுவிடும். நான் எழுந்து தோளை உலுக்குவேன். நடைப்பயிற்சி, கஷாயம், அரைப்பட்டினி எல்லாம் செய்து பார்த்தாள். இறங்கிய எடை திரும்ப ஏறியது. கடைசியில் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில், இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுத்துச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னார்கள். அதை ரோபோ வைத்துச் செய்வார்களாம்.

அவளுக்கு ஆபரேஷனைவிட ரோபோவிடம்தான் பயம். டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டாள்.

"நடுவுல அது தானா ஏதாச்சும் பண்ணிட்சின்னா இன்னா மேடம் பண்றது?"

"அது தானா ஒண்ணும் பண்ணாதும்மா. அதே ரூம்ல நான் உக்காந்து ஓட்டுவேன். என் கை அசைஞ்சாத்தான் அது அசையும்."

"அப்போ உங்க கையைக் கொஞ்சம் காட்டுங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் மேஜைமேல் நீட்டினார். சின்னக் கைகள், மோதிரம்கூட இல்லை. என் மனைவி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி என்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, வயிற்றில் சிறுசிறு துளைகள் மட்டும்தான். மறுநாளே எழுப்பி நடக்கவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் குடிக்கிற ஆகாரம் மட்டும், பிறகு மசித்தது. இரண்டு ஸ்பூன் பருப்புச் சோற்றுக்கு மேல் இறங்காது. அவசரப்பட்டால் வாந்தி. அவள் முன்னால் தட்டு வைத்துச் சாப்பிட எனக்கு மனம் வரவில்லை. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பரோட்டா தின்றுவிட்டு பஸ் ஏறுவேன். வீட்டில் பசியில்லை என்பேன்.

ஒரு நாள் சட்டையைத் துவைக்க எடுத்தவள் சால்னா கறையைப் பார்த்துவிட்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"வெளிய தின்னுக்கினு வராதீங்க. வீட்லயே சாப்புடுங்க. நான் பாக்கணும்," என்றாள்.

அன்றைக்கு அவளே தோசை சுட்டாள். நான் சாப்பிட்டேன். எதிரில் உட்கார்ந்து, சட்னியில் உப்பு சரியா, காரம் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். தன் கிண்ணத்தில் இருந்த அரை இட்லியை மெல்ல மென்றுகொண்டிருந்தாள். இரண்டாவது தோசைக்கு மேல் எனக்கு இறங்கவில்லை. அவள் விடவில்லை, இன்னொன்று போட்டாள்.

தினமும் இப்படியே வருஷம் ஒன்று ஓடிவிட்டது. அவளுக்குச் சர்க்கரை மாத்திரை குறைந்திருக்கிறது. முடி கொஞ்சம் கொட்டி, இப்போது வளர்கிறது. சத்து மாத்திரையை மட்டும் ஆயுசுக்கும் விடக்கூடாதாம். மார்க்கெட்டுக்கு அவளே நடந்து போய்வருகிறாள். போன முறை செக்கப்புக்குப் போனபோது டாக்டர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, என்னையும் எடை பார்க்கச் சொன்னார். அடுத்த தடவை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸில் திரும்பும்போது அவள், ராத்திரிக்கு என்ன செய்யட்டும் என்று கேட்டாள்.